விண்படத்தை வினவியவர்கள்

நுழையும்முன்

வானியல் என்பது பெரிய தொலைநோக்கிகளையும் அவற்றை இயக்கும் அறிஞர்களையும் மட்டுமே சார்ந்த துறை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. ஆயினும், அத்தொலைநோக்கிகள் எடுத்துக் குவித்த படங்களின்முன் அமர்ந்து ‘இது என்ன?’ என்று கேட்ட பள்ளி ஆசிரியையும், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் வானைப் படமெடுத்த கணினி நிரலரும் பூட்டுத் தொழிலாளரும் அத்துறையின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். அவர்கள் கேட்ட வினாக்களையும் விடை தேடிய முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தமிழ் இலக்கணம் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிவாரா என்று காணக் கேட்பது அறிவினா. அறியாத ஒன்றை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என மயங்கித் தெளிவு வேண்டிக் கேட்பது ஐய வினா. கொளல், கொடை, ஏவல் என்னும் மற்ற மூன்றும் கடைத்தெருவிலும் வீட்டிலும் பயில்பவை. முதல் மூன்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு தேர்வுத்தாளுக்கு மட்டுமே உரியதுபோலத் தோன்றலாம். வானத்தின் ஒளிப்படங்களைப் பொதுமக்கள் ஆராய்ந்த வரலாற்றில் அவ்வேறுபாடு பெரிதும் பொருளுடையதாகிறது. ஒரு படத்தின்முன் எழுந்த வினா, விண்வெளியில் அதுவரை எவரும் கண்டிராத பொருளை அடையாளம் காட்டியது. வேறொரு படத்தின்முன் எழுந்த வினாவோ இருபத்தைந்து ஆண்டுகள் பூசலாக நீண்டது.

கண் காணாத வண்ணம்

விண்படம் ஒன்றை வினவ விரும்புபவர், அது எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெரிய தொலைநோக்கியோடு பொருத்தப்பெற்ற படக்கருவி, கைப்பேசியைப்போல் ஒரு நொடியில் வண்ணப்படம் எடுப்பதன்று. குறிப்பிட்ட அலைநீளமுடைய ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்றன் வழியாக, நிமிடக் கணக்கிலும் சில வேளைகளில் மணிக்கணக்கிலும் அது ஒளியைத் திரட்டுகிறது. கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம். பின்னர் வடிகட்டியை மாற்றி மீண்டும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கப்படுகிறது. இவ்வாறு பெற்ற படங்களுக்கு நீலம், பச்சை, சிவப்பு என வண்ணமளித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய பின்னரே இதழ்களில் காணும் வண்ணப்படம் பிறக்கிறது. எந்தப் படத்திற்கு எந்த வண்ணம் என்பதை முடிவு செய்பவர் மனிதரே.

‘படைப்பின் தூண்கள்’ என்று பெயர்பெற்ற படம் இதற்குத் தக்க சான்றாகும். 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட அப்படத்தை உருவாக்கியவர்கள் ஜெஃப் ஹெஸ்டர், பால் ஸ்கோவன் என்னும் வானியலாளர்கள். ஏறத்தாழ 6500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கழுகு ஒண்முகிலில் வளிமமும் தூசும் தூண்களாக நிமிர்ந்து நிற்கும் காட்சி அது. அப்படத்தில் கந்தகம் வெளியிடும் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜன் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜன் ஒளிக்கு நீலமும் தரப்பட்டன. உண்மையில் அங்குள்ள ஹைட்ரஜன் உமிழ்வது சிவப்பொளி. கந்தகம் உமிழ்வதும் சிவப்பொளியே. இரண்டையும் சிவப்பாகவே காட்டினால், எது எங்கே உள்ளது என்று பிரித்தறிய இயலாது. ஆகவே ஒன்று பச்சையாக்கப்பட்டது. இதனைப் பொய் என்று கொள்வது பிழை. நிலப்படத்தில் ஒரு மாவட்டம் மஞ்சளாகத் தீட்டப்பட்டிருப்பதனால் அம்மாவட்டத்தின் மண் மஞ்சள் என்று எவரும் கருதுவதில்லை அல்லவா?

அதே படத்தின் ஒரு மூலையில் படிக்கட்டுப்போல் கறுப்பு வெற்றிடம் ஒன்று உண்டு. அங்கே எதையோ மறைத்துவிட்டார்கள் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. விடை எளியது. அக்காலத்தில் ஹபிளில் இருந்த படக்கருவி நான்கு கூறுகளை உடையது. அவற்றுள் மூன்று பரந்த பரப்பைப் படமெடுத்தன. நான்காவது சிறிய பரப்பைக் கூடுதல் நுட்பத்துடன் எடுத்தது. நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தும்போது நான்காவது படம் சுருங்குகிறது. அதைச் சுற்றி வெற்றிடம் எஞ்சுகிறது. மறைக்கப்பட்டது என்று எண்ணப்பட்டது, உண்மையில் எடுக்கப்படவே இல்லை.

செவ்வாயில் ஒரு முகம்

1976ஆம் ஆண்டு வைக்கிங்-1 விண்கலம் செவ்வாயைச் சுற்றிவந்து, தன் இணைக்கலமான வைக்கிங்-2 இறங்குவதற்கு ஏற்ற இடத்தைத் தேடிப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஜூலை 25ஆம் நாள், சைடோனியா என்னும் பகுதியின்மேல் எடுத்த படமொன்றில் மனித முகம்போன்ற உருவம் காணப்பட்டது. இரு கண்கள், மூக்கு, வாய் ஆகியவை நிழல்களாகத் தெரிந்தன. சில நாள்களில் நாசா அப்படத்தை வெளியிட்டது. பாறைக்குன்று ஒன்றின்மேல் விழுந்த நிழல்கள் கண், மூக்கு, வாய்போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்ற விளக்கமும் உடன் தரப்பட்டது. மக்களின் ஆர்வத்தைச் செவ்வாயின்பால் ஈர்க்கும் என்று கருதி வெளியிடப்பட்ட அப்படம், எதிர்பார்த்ததற்கும் மேலாகவே ஈர்த்தது.

வின்சென்ட் டிபியெட்ரோ, கிரெகரி மோலினார் என்னும் கணினிப் பொறியாளர் இருவர் அப்படத்தை ஆராய்ந்தனர். அவர்கள் செவ்வாய் ஆராய்ச்சியாளர்கள் அல்லர்; ஆர்வத்தால் இப்பணியை மேற்கொண்டவர்கள். அவர்கள் செய்த ஒரு செயல் பாராட்டுக்குரியது. ஒரே படத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், அதே குன்றின் வேறு படம் உள்ளதா என்று நாசாவின் படத்தொகுப்பில் தேடினர். முதற்படம் எடுக்கப்பட்ட 35 செவ்வாய் நாள்களுக்குப் பின்னர், சூரியன் இன்னும் உயர்ந்திருந்தபோது எடுத்த இரண்டாம் படம் கிடைத்தது. அதிலும் முகத்தின் சாயல் இருந்தது. இதுவரை அவர்களின் வினா ஐய வினாவே. முதற்படத்தில் மூக்குத்துளைபோல் தோன்றிய கரும்புள்ளி, செய்தி புவிக்கு வரும் வழியில் சில தரவுகள் இழக்கப்பட்டதனால் ஏற்பட்ட வெற்றுப் புள்ளி. அத்தகைய புள்ளிகள் அப்படம் முழுவதும் சிதறிக் கிடந்தன. முகத்தின்மேல் விழுந்த புள்ளி மட்டும் பொருளுடையதாகக் கொள்ளப்பட்டது.

பின்னர் வேறு பலர் இவ்வினாவைக் கையிலெடுத்தனர். முகத்தைக் கட்டியவர்கள் யார், அருகே தெரியும் குன்றுகள் பிரமிடுகளா, அங்கே ஒரு நகரம் இருந்ததா என்றெல்லாம் நூல்கள் எழுந்தன. கேட்கும் தோரணையில் அவை வினாக்கள். உள்ளே விடை முன்னரே முடிவாகியிருந்தது. அறிவினாவில் ஆசிரியர் விடையை மெய்யாகவே அறிந்திருப்பார். இங்கோ விடையை அறிந்ததாக எண்ணிக்கொண்டவர்கள் ஐய வினாவின் ஆடையை உடுத்தி நின்றனர். இவ்வகைக்கு இலக்கணத்தில் பெயரில்லை.

1998ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்னும் விண்கலம், பழைய படங்களைவிடப் பத்து மடங்கு தெளிவான படத்தை அனுப்பியது. அதில் முகம் இல்லை. அரிக்கப்பட்ட குன்றுதான் இருந்தது. அப்பொழுது செவ்வாயின் அப்பகுதியில் குளிர்காலம். மெல்லிய மேகங்களினூடே எடுத்த படம் அது. மேகம் எதையேனும் மறைத்திருக்கலாம் என்று சிலர் மறுத்தனர். இம்மறுப்பு நியாயமற்றதன்று. சோதித்துப் பார்க்கக்கூடிய மறுப்பு எதுவும் அறிவியலுக்குப் பகையாகாது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், மேகமற்ற வேளையில், விண்கலத்தையே 25 பாகை சாய்த்து மீண்டும் படமெடுத்தனர். பழைய வைக்கிங் படத்தில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 43 மீட்டர் பரப்பை அடக்கியது. புதிய படத்தில் அது 1.56 மீட்டராக இருந்தது. ஒரு வீட்டின் அளவே உள்ள கட்டடம் இருந்திருந்தாலும் அது புலப்பட்டிருக்கும். புலப்பட்டது, உச்சி தட்டையான பாறைக்குன்று மட்டுமே. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பயணம் செய்வோர் இத்தகைய குன்றுகளைக் காணலாம். இதன் பின்னரும் முகத்தை நம்பியவர்கள் இருந்தனர்; அவர்களுக்கு இனி எந்தப் படமும் விடையாகாது.

முகத்தைக் காண்பது மனித மூளையின் இயல்பு. குழந்தை பிறந்த சில நாள்களிலேயே முகவடிவை நோக்கித் திரும்பத் தொடங்குகிறது. மேகத்தில் யானையும், பாறையில் முதியவரும், நிலவில் முயலும் தெரிவதற்குக் காரணம் இதுவே. கண்டவரைக் குறைகூறுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஒன்பது இலட்சம் படங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2.5 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் வானைப் பகுதி பகுதியாகப் படமெடுத்துவந்தது. ‘ஸ்லோன் வான் அளவாய்வு’ என்பது அத்திட்டத்தின் பெயர். படங்களில் இலட்சக்கணக்கான விண்மீன் திரள்கள் பதிவாயின. அவற்றுள் சில, சங்குபோல் சுருண்ட கரங்களை உடையவை. சில, முட்டை வடிவின. இவற்றை வடிவம் நோக்கிப் பிரித்தால் விண்மீன் திரள்களின் வரலாற்றை ஆராயலாம். அக்காலக் கணினிகளைவிட மனிதக் கண்ணே இப்பணியைச் செவ்வையாகச் செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கெவின் ஷாவின்ஸ்கி, ஒரு வாரத்தில் 50,000 திரள்களைத் தம் கண்ணாலேயே பார்த்துப் பிரித்தார். எஞ்சியவற்றைப் பார்க்க அவருக்கு மனமில்லை. அவரும் வானியலாளர் கிறிஸ் லின்டாட்டும் கலந்து பேசியதன் பயனாக, விருப்பமுள்ள எவரும் இணையத்தின்வழிப் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் திட்டம் உருவாயிற்று. 2007 ஜூலையில் தொடங்கிய அத்திட்டம் ‘கேலக்சி ஸூ’ எனப் பெயர்பெற்றது. விண்மீன் திரள்களின் விலங்குக்காட்சிச் சாலை என்பது அதன் பொருள்.

ஏறத்தாழ 9 இலட்சம் திரள்களின் படங்கள் மக்கள்முன் வைக்கப்பட்டன. ஒரு நாள் கடப்பதற்குள், மணிக்கு ஏறக்குறைய 70,000 பதிவுகள் வந்து குவிந்தன. முதலாண்டில் 1,50,000க்கும் மேற்பட்டோர் 5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அளித்தனர். ஒரே படத்தைப் பலர் பார்த்ததனால், ஒருவர் செய்த பிழை மற்றவர்களின் பதிவால் கரைந்துபோயிற்று.

எல்லாரும் ஒரே வகையில் பிழை செய்தால் என்னாகும்? அதுவும் நிகழ்ந்தது. சுருள் திரள்கள் கடிகார முள் செல்லும் திசையில் சுழல்வனவாகத் தெரிகின்றனவா, எதிர்த்திசையிலா என்றும் பதிவு செய்யக் கேட்டிருந்தனர். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. பதிவுகளிலோ எதிர்த்திசைத் திரள்கள் மிகுந்திருந்தன. பேரண்டம் ஒரு திசையை விரும்புகிறது என்றால், அது பெருஞ்செய்தி. அதனை அறிவிப்பதற்கு முன் திட்டத்தார் ஒரு சோதனை செய்தனர். சில படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி மீண்டும் மக்களுக்குக் காட்டினர். மிகுதி பேரண்டத்தில் இருந்தால், மாற்றிய படங்களில் அது கடிகாரத் திசைக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, அப்பொழுதும் எதிர்த்திசையே மிகுந்தது. மிகுதி வானத்தில் இல்லை, பார்ப்பவரிடம் இருந்தது. படத்தை வினவுவோர் தம் கண்ணையும் வினவ வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது. ஆய்வாளர்கள் இம்முடிவை மறைக்காமல் 2008ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டனர்.

ஆசிரியையின் அறியா வினா

அத்திட்டத்தில் பங்கேற்றவர்களுள் நெதர்லாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்க்கெலும் ஒருவர். அவர் கித்தார் இசைப்பதில் ஆர்வமுடையவர். ‘குயீன்’ இசைக்குழுவின் கித்தார் கலைஞரும் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவருமாகிய பிரையன் மே எழுதியதன்வழி இத்திட்டத்தைப்பற்றி அறிந்தார். 2007 ஆகஸ்டில், சிறுசிங்கம் என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையிலுள்ள ஐசி 2497 என்ற சுருள் திரளின் படம் அவர்முன் வந்தது. திரளை வகைப்படுத்துவதுதான் அவர் செய்ய வேண்டிய பணி. அது எளிது, சுருள் தெளிவாகவே தெரிந்தது. திரளுக்குக் கீழே ஒழுங்கற்ற வடிவில் நீலநிறக் கறை ஒன்று படர்ந்திருந்தது. அதற்குரிய விடை திட்டத்தின் பட்டியலில் இல்லை. அடுத்த படத்திற்குச் சென்றிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர், அது என்ன என்று திட்டத்தாரிடம் கேட்டார்.

அறிஞர்களுக்கும் விடை தெரியவில்லை. அருகிலுள்ள வளிம முகிலா, மிகத் தொலைவிலுள்ள வேறொரு திரளா என்பதைப் படத்தைக்கொண்டு மட்டும் சொல்ல இயலவில்லை. ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கிப் பார்த்தபோது தொலைவு தெரிந்தது. சுருள் திரள் இருக்கும் ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தொலைவிலேயே அக்கறையும் இருந்தது. பரப்பில் அது நம் பால்வெளித் திரளுக்கு ஒப்பானது. அதனுள் விண்மீன்கள் ஒளிர்வதாகத் தெரியவில்லை, ஒளிர்ந்தது வளிமமே. இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் ஒளி அதில் மிகுந்திருந்தது. அணுக்களை அந்நிலைக்குக் கொண்டுசெல்ல ஆற்றல்மிக்க கதிர்வீச்சு வேண்டும். அத்தகைய கதிர்வீச்சைத் தரக்கூடியது குவேசார் என்பதாகும். திரளின் நடுவிலுள்ள பெருங்கருந்துளைக்குள் வளிமம் விழும்போது, விழுமுன் அவ்வளிமம் வெப்பமுற்று, திரள் முழுவதையும் மிஞ்சி ஒளிர்வதே குவேசார்.

ஆனால், ஐசி 2497 திரளின் நடுவில் அத்தகைய ஒளி இல்லை. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் பார்த்தும் போதிய ஆற்றல் தென்படவில்லை. விளக்கைக் காணோம், சுவரில் மட்டும் வெளிச்சம் இருக்கிறது. விளக்கு அண்மையில் அணைந்தது என்பது ஆய்வாளர்கள் கண்ட விடை. திரளுக்கும் முகிலுக்கும் இடையே பல்லாயிரம் ஒளியாண்டு இடைவெளி உண்டு. குவேசாரிலிருந்து நேரே வந்த ஒளி குன்றிவிட்ட பின்னரும், முகிலைச் சுற்றிவரும் ஒளி நீண்ட வழி கடந்து இப்பொழுதுதான் நம்மை அடைகிறது. குவேசார் ஒளிகுன்றியது கடந்த இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்குள் என்று கணக்கிட்டனர். வானியலில் இது கண்ணிமைக்கும் நேரம். குவேசார் அணையவில்லை, அடர்ந்த தூசு அதனை மறைக்கிறது என வாதிட்டோரும் உண்டு. ஒரு குவேசார் எவ்வளவு விரைவாக ஒளிகுன்றும் என்னும் ஆராய்ச்சிக்கு இம்முகில் வாயில் திறந்தது.

அதற்கு ‘ஹானியின் வோர்வெர்ப்’ என்று பெயர் வழங்கலாயிற்று. டச்சு மொழியில் வோர்வெர்ப் என்றால் ‘பொருள்’; ஹானி கண்ட பொருள் என்பதற்குமேல் அப்பெயரில் எதுவும் இல்லை. அதைப்பற்றி 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராக ஹானியின் பெயரும் இடம்பெற்றது.

வண்ணத்தைப்பற்றிய செய்தி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. ஹானி கண்டது நீலம். 2010ஆம் ஆண்டு ஹபிள் எடுத்து, அடுத்த ஆண்டு சனவரியில் வெளியான படத்திலோ அதே முகில் பச்சையாக ஒளிர்ந்தது. ஸ்லோன் படங்களில் பச்சை வடிகட்டியின் வழியே வந்த ஒளிக்கு நீல வண்ணம் தருவது வழக்கம். முகிலின் ஆக்சிஜன் ஒளி அவ்வடிகட்டிக்குள் விழுந்தது. ஆகவே பச்சை நீலமாயிற்று. ஹானி கேட்ட நீலக்கறை நீலமே அன்று. அவருடைய வினா அதனால் பிழையாகிவிடவில்லை. வண்ணம் எதுவாயினும், அங்கே ஏதோ இருந்தது.

பச்சைப் பட்டாணி

அதே திட்டத்தில் பங்கேற்றோர், படங்களின் ஓரத்தில் சிறிய, உருண்டையான, பச்சைநிறப் புள்ளிகளைக் கண்டனர். அவற்றை ‘பச்சைப் பட்டாணி’ என்று வேடிக்கையாக அழைக்கத் தொடங்கினர். வேடிக்கை விரைவில் ஆய்வாயிற்று. ஆர்வலர் குழு ஒன்று அவற்றின் நிறமாலைகளைத் தேடியெடுத்து, பட்டாணிபோலத் தெரிந்தும் பட்டாணி அல்லாதவற்றை விலக்கியது. அறிஞர்கள் கேட்பதற்கு முன்னரே இவ்வேலை பெரும்பகுதி முடிந்திருந்தது. கரோலின் கார்டமோன் என்னும் ஆய்வு மாணவி தலைமையில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை, ஏறத்தாழ 250 பட்டாணிகளை ஆராய்ந்தது. அவை அளவில் மிகச் சிறியவையாயினும், தம் அளவுக்கு ஒவ்வாத விரைவில் புதிய விண்மீன்களை உருவாக்கும் திரள்கள். இளமைக்காலப் பேரண்டத்தில் இருந்த திரள்களுக்கு அவை உறவுடையவை என்பதனால் பின்னர்ப் பல ஆய்வுகள் அவற்றை நாடின.

இங்கும் வண்ணம் விளையாடியது. பட்டாணிகள் உமிழ்ந்த ஆக்சிஜன் ஒளி பச்சையே. பேரண்டம் விரிவதால் வழியில் அதன் அலைநீளம் நீண்டு, புவியை அடையும்போது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்டதாகிறது. படத்தில் அப்பகுதிக்குப் பச்சை வண்ணம் தரப்படுவதால் மீண்டும் பச்சையாகத் தெரிகிறது!

தெரிந்து தெளிவோம்

2014 ஏப்ரலில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயிலிருந்து அனுப்பிய படங்கள் சிலவற்றில் அடிவானத்தையொட்டி ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. அங்கே விளக்கெரிகிறதா என்று பலர் வினவினர். ஊர்தியின் தலையில் இரு கண்கள்போல் இரண்டு படக்கருவிகள் உள்ளன. வலப்பக்கக் கருவியின் படத்தில் மட்டுமே ஒளி இருந்தது. ஏறத்தாழ அதே நொடியில் இடப்பக்கக் கருவி எடுத்த படத்தில் இல்லை. காஸ்மிக் கதிர் ஒன்று கருவியைத் தாக்கியிருக்கலாம், அல்லது பாறை ஒன்று வெயிலில் மின்னியிருக்கலாம் என்பது அறிஞர்கள் தந்த விளக்கம்.

கரும்புள்ளியும் ஒளிப்புள்ளியும்

பிறர் எடுத்த படத்தை வினவுவது ஒருவகை. தாமே படமெடுத்துத் தம் படத்தையே நம்ப மறுப்பது மற்றொரு வகை. ஆர்வலர்கள் வீட்டுத் தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் தொலைநோக்கி அமைத்துப் படமெடுக்கின்றனர். படத்தில் புதிய புள்ளி ஒன்று தெரிந்தால் மகிழ்ச்சிக்கு முன் ஐயமே எழ வேண்டும். கருவியில் பழுதுற்ற படப்புள்ளியா? தொலைநோக்கியைச் சிறிது நகர்த்தி மீண்டும் எடுத்தால், விண்பொருள் விண்மீன்களோடு இடம்பெயரும். பழுது படத்தில் அதே இடத்தில் நிற்கும். காஸ்மிக் கதிரா? அது ஒரு படத்தில் மட்டும் தோன்றும், அடுத்ததில் இராது. கண்ணாடியில் படிந்த தூசு மங்கிய வளையமாக விழும்; செயற்கைக்கோள் கோடு இழுக்கும். இவற்றையெல்லாம் கடந்து எஞ்சும் புள்ளியே பிறரிடம் சொல்லத்தக்கது.

ஆஸ்திரேலியாவில் மரம்பேட்மன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கணினி நிரலர் ஆன்டனி வெஸ்லி, 2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இரவு தம் 14.5 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இடையில் காற்று கலங்கிப் படம் தெளிவிழக்கவே, வேலையை நிறுத்திவிட எண்ணி, தொலைக்காட்சியில் விளையாட்டுப் பார்க்கச் சென்றார். சிறிது நேரம் கழித்துத் திரும்பிவந்தபோது கோளின் தென்துருவத்தை அடுத்து ஒரு கரும்புள்ளி இருந்தது. வழக்கமான துருவப் புயலாக இருக்கலாம் என்பது அவரது முதல் எண்ணம். புயலாக இருப்பதற்கு அது மிகவும் கறுத்திருந்தது. துணைக்கோள் ஒன்றின் நிழலோ? நிழலாயின் அது நகரும் விரைவு வேறு. இப்புள்ளி வியாழனின் மேற்பரப்போடு சேர்ந்து சுழன்றது; எந்தத் துணைக்கோளின் நிழலும் அவ்வேளையில் அவ்விடத்தில் விழ வேண்டியதில்லை. இரு நாள்களுக்கு முன் தாமே எடுத்த படத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்ததையும் ஒப்பிட்டார். அதன் பின்னரே செய்தி அனுப்பினார். ஹவாய்த் தீவின் மவுனா கேயா மலையிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அவ்விடத்தை நோக்கியது. கரும்புள்ளி இருந்த இடம் அகச்சிவப்பில் பளிச்சென ஒளிர்ந்தது. விண்ணிலிருந்து ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருந்தது. சில நாள்களில் ஹபிளும் அவ்விடத்தைப் படமெடுத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1994 ஜூலையில், வால்விண்மீன் ஒன்று பல துண்டுகளாக உடைந்து வியாழனில் வீழ்ந்ததை உலகமே எதிர்பார்த்துக் காத்திருந்தது. இம்முறை எவரும் எதிர்பார்க்கவில்லை. எந்தப் பெருந்தொலைநோக்கியும் அப்பக்கம் திரும்பியிருக்கவில்லை.

பெருந்தொலைநோக்கிகளின் நேரம் மாதக்கணக்கில் முன்னரே பங்கிடப்படுகிறது. ஆர்வலருக்கோ வானம் தெளிந்தால் போதும். விக்டர் புசோவின் வாய்ப்பும் அவ்வாறே அமைந்தது. அர்ஜென்டினா நாட்டின் ரொசாரியோ நகரில் பூட்டுத் தொழில் செய்துவந்தவர் அவர். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, தம் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிதாகப் பொருத்திய படக்கருவியைச் சோதிக்க விரும்பினார். ஏறத்தாழ 8 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 613 என்னும் சுருள் திரளைக் குறியாகக்கொண்டு, 20 நொடி வீதம் பல படங்களை எடுத்தார். எடுத்தவற்றை உடனே பார்ப்பது அவர் வழக்கம். பின்னர் எடுத்த படங்களில், சுருள் கரம் ஒன்றன் அருகே, முன்னைய படங்களில் இல்லாத மங்கிய ஒளிப்புள்ளி தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அது வளர்ந்தது.

பெருவிண்மீன் ஒன்று வெடித்துச் சூப்பர்நோவாவாக மாறும்போது, உள்ளே எழும் அதிர்ச்சியலை அதன் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியேறும் நேரம் மிகக் குறுகியது. அந்நேரத்தின் ஒளியைக் காண வானியலாளர்கள் நெடுங்காலம் முயன்றுவந்தனர். எந்த விண்மீன் எப்பொழுது வெடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது என்பதே இடர். தற்செயலாக ஒருவர் அந்நேரத்தில் அவ்விடத்தைப் படமெடுத்துக்கொண்டிருப்பதற்கான வாய்ப்பு, மிகச் சாதகமாகக் கணக்கிட்டாலும், ஒரு கோடியில் ஒன்று என்று அர்ஜென்டினாவின் வானியலாளர் மெலினா பெர்ஸ்டன் மதிப்பிட்டார். வாய்ப்பு அரியது என்பது உண்மை. ஆனால், புசோ தம் படங்களைப் பார்க்காமல் சேமித்துவைத்து உறங்கச் சென்றிருந்தால், அவ்வரிய வாய்ப்பும் கோப்பொன்றில் உறங்கியிருக்கும். அவர் மற்றோர் ஆர்வலரின் துணையுடன் உலகெங்கும் உள்ள வானியலாளர்களுக்குச் செய்தி அனுப்பினார். பெருந்தொலைநோக்கிகள் அத்திசை நோக்கித் திரும்பி, வெடிப்பைத் தொடர்ந்து கவனித்தன. வெடித்த விண்மீன் பிறக்கும்போது சூரியனைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நிறையுடையதாக இருந்து, பெரும்பகுதியைத் தன் இணைவிண்மீனிடம் இழந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

எஸ்என் 2016ஜிகேஜி என்பது அச்சூப்பர்நோவாவின் பெயர். 2018 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. அதன் ஆசிரியர் வரிசையில், பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சேர்ந்த வானியலாளர்களோடு, ரொசாரியோவின் பூட்டுத் தொழிலாளர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளது.

கற்பவை கற்றபின்

நாளிதழிலோ வார இதழிலோ வெளிவந்த விண்படம் ஒன்றைத் தெரிவுசெய்க. அப்படத்தை நோக்கிக் கேட்கத்தக்க ஐந்து வினாக்களை எழுதி, அவை ஒவ்வொன்றும் எவ்வகை வினா எனக் குறிப்பிடுக.

‘செவ்வாயில் தெரிந்த முகம்’ பற்றி 1998ஆம் ஆண்டு எழுந்த மறுப்பு நியாயமானதே என்று இப்பாடம் கூறுகிறது. இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.